மடுவில் இறங்கிய ஏர்

நாவற்குடாவில் ஒரு காலம் பத்தினியன் என்ற பெயரைச் சொன்னால் போதும், வலை பொத்திக்கொண்டிருப்பவன்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பான். பிறகு ஒரு காலம் வந்தது. அதே பெயரைச் சொன்னால் அதே ஆட்கள் சிரிக்காமல் தலையை ஆட்டினார்கள். இரண்டு காலத்துக்கும் நடுவில் கிடந்தது ஒரு மாரி வெள்ளமும் ஒரு மர ஏரும்தான். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் ஏரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏர் ஆயிரம் பேரிடம் இருந்தது. அதைத் தூக்கித் தண்ணீரில் போடும் துணிச்சல் ஒருவனிடம்தான் இருந்தது.

அவன் பிறந்தது ஆற்றுக்கு மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டையில். நடக்கப் பழகியதே வரம்பில்தான். முப்பது வயதுக்குள் கந்தப்போடியாரின் வயலுக்கு முல்லைக்காரன் ஆகிவிட்டான். முல்லைக்காரன் என்றால் சும்மா இல்லை. வயல் போடியாருடையது, ஆனால் எந்த நாள் விதைப்பது, எந்த வரம்பை வெட்டித் தண்ணீர் விடுவது, யாருடைய எருமை எந்தத் துண்டில் இறங்குவது என்று சொல்லும் வாய் முல்லைக்காரனுடையது. அவன் ஏர் பிடித்தால் சால் நூல் பிடித்தது போல ஓடும். பத்தினியன் உழுத வயலில் எறும்புகூட வழி தவறாது என்று போடியாரே சொல்லுவார். அதைக் கேட்டும் கேளாதவன் போல் வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பான், உள்ளுக்குள் ஒரு முழம் வளர்ந்திருப்பான்.

கல்யாணம் முடித்தது நாவற்குடாவில், சின்னத்தங்கத்தை. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வேளாண்மைக் காலத்தில் அவன் வயல் குடிசையான வாடியில் கிடப்பான். அறுவடை முடிந்ததும் நெல்மூட்டைகளோடு மண்முனைத் துறையால் ஆற்றைக் கடந்து மனைவி வீட்டுக்கு வருவான். நெல்லோடு வருகிற மாப்பிள்ளைக்கு எந்த வீட்டிலும் முதுகு வளையாது. வீடு யாருடையது என்ற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை.

அப்புறம் மாட்டு நோய் வந்தது. கல்லடிப் பாலம் திறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. வாயிலும் மூக்கிலும் நீர் வடிந்து எருமைகள் பட்டியோடு சரிந்தன. பத்தினியனின் எருமைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. போடியார் நல்ல மனிதர்தான், ஆனால் மழை யாருக்காகவும் காத்திருக்காது. எருமை மிஞ்சியிருந்த சாமித்தம்பியை முல்லைக்காரனாக வைத்துக்கொண்டார். பத்தினியனின் கீழே வரம்பு வரம்பாகக் களை பிடுங்கித் திரிந்த அதே சாமித்தம்பிதான். பத்தினியன் ஏரையும் நுகத்தையும் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்துவிட்டான். எருமை இல்லாதவன் ஏரை ஏன் சுமக்கிறான் என்று துறையில் நின்றவர்கள் கேட்டார்கள்.

சின்னத்தங்கத்தின் தமையன் யோகராசா நாவற்குடாக் கரையில் பெயர்போன மீன்பிடிகாரன். நெஞ்சில் வஞ்சம் இல்லாதவன், நாக்கில் மட்டும் முள். அவனிடம் பழைய தோணி ஒன்று சும்மா கிடந்தது. அதை மச்சானுக்குக் கொடுத்தான்.

“என்ட பழைய தோணி கிடக்கு மச்சான், எடுத்துக்கிட்டுப் போ,” என்றான். “மாரி வெள்ளம் வடியுமட்டும் வெச்சிரு. அதுக்குள்ள ஆத்தில உனக்கெண்டு ஒரு இடம் புடிச்சியெண்டா நல்லது. இல்லாட்டி நான் வேற ஆருக்கும் குடுத்திருவன். இடம் இல்லாதவனுக்குத் தோணி எதுக்கு?”

இடம் என்று அவன் சொன்னது என்னவென்று சொல்லவேண்டும். ஆற்றில் வரம்பு கிடையாது, வேலி கிடையாது. ஆனாலும் தூண்டில்காரர்களுக்குள் ஒரு நியாயம் இருந்தது. தோணியைக் கட்டிவைக்க ஒருவன் கம்பு நட்டால், அந்தக் கம்பு நிற்கும்வரை அந்த இடம் அவனுடையது. வேறொருவன் அங்கே நிற்க விரும்பினால் கேட்டுத்தான் நிற்கவேண்டும். கரையோரத்து ஆழம் குறைந்த தண்ணீரில் நல்ல இடம் எல்லாவற்றிலும் யாராவது ஒருவனின் கம்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரைக்கும் பாலத்துக்கும் இடையே இருந்த மடு.

மடுவில் மீன் உண்டு. கொடுவா என்றால் அங்கேதான் கொடுவா. ஆனால் எந்த மூங்கிலும் அடிதொடாத ஆழம். அடியில் கல்லும் இல்லை, மணலும் இல்லை, வெறும் சேறு. அங்கே தோணி நில்லாது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரிந்துதான் யோகராசா சொன்னான்.

தோணியை நிறுத்தப் பத்தினியன் முதலில் கல்லைத்தான் தேர்ந்தெடுத்தான். உடைந்த அம்மியில் தும்புக் கயிற்றைக் கட்டி மடுவில் இறக்கினான். கச்சான் காற்று அடிக்கும் நாள் அது. அம்மி அடியில் போய்ச் சுகமாகப் படுத்தது, பிறகு காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் சேற்றின் மேலால் வழுக்கிக்கொண்டே வந்தது. தோணி பின்பக்கமாகப் போய் யோகராசாவின் தூண்டில் கயிறுகளையெல்லாம் சுருட்டிக்கொண்டு அவனுடைய கம்பில் முட்டியது.

“மச்சான், நீ மீன் புடிக்க வந்தியா, ஆத்தக் கூட்டிப் பெருக்க வந்தியா?” என்று யோகராசா கத்தினான். பக்கத்துத் தோணிகளில் சிரிப்பு வெடித்தது.

அடுத்த நாள் இன்னும் பெரிய கல்லைக் கட்டினான். பெரிய கல் மெதுவாக வழுக்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏற்றி இறக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பிறகு இரும்பைத் தேடிக் காத்தான்குடிக்குப் போனான். அங்கே மஜீட் காக்காவின் கடையில் ஆணியும் சங்கிலியும் கயிறும் குவிந்து கிடக்கும். உடைந்துபோன வத்தைப் படகு ஒன்றிலிருந்து கழற்றிய நாலு கொளுக்கி நங்கூரம் ஒன்று மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. பத்தினியன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு விரல்களால் ஒவ்வொரு கொளுக்கியையும் தடவினான். எருமை வாங்கப் போனவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது.

“தூக்கிக்கிட்டுப் போடாப்பா,” என்றார் மஜீட் காக்கா. “போட்டுப் பாரு. புடிச்சா வெச்சுக்க, புடிக்காட்டிக் கொண்டந்து தா. இந்த மூலையில கிடந்து அது ஆருக்கு என்ன செய்யப்போகுது?”

பிடிக்கவில்லை. தயிருக்குள் விரலை விட்டு இழுத்தது போலக் கொளுக்கிகள் சேற்றைக் கீறிக்கொண்டு வந்தன. நங்கூரத்தை நன்றாகக் கழுவி, துருவையும் தேய்த்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“இது கல்லுக்கும் மணலுக்கும் செஞ்ச சாமான்,” என்றார் மஜீட் காக்கா, கொஞ்சம் வருத்தத்தோடு. “சேத்துக்கெண்டு ஆரும் நங்கூரம் செஞ்சதா நான் கேள்விப்படல்ல.”

அந்தப் பேச்சு காத்தான்குடியிலிருந்து நாவற்குடா வரைக்கும் அவனோடு நடந்து வந்தது. சேற்றுக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லையா? பிறந்த நாளிலிருந்து சேற்றில் கிடந்தவனுக்கு அதைக் கேட்கக் கோபம்கூட வந்தது. சேற்றைக் கடித்துப் பிடிக்கிற சாமான் ஒன்று உலகத்தில் உண்டு. இரண்டு எருமை நுரை தள்ள இழுத்தாலும் அசையாமல் அது நின்றதை அவன் எத்தனையோ தரம் கண்டிருக்கிறான். அப்படி நிற்கும்போதெல்லாம் அதைத் திட்டியும் இருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் நேரே போய்க் கூரைமரத்தில் தொங்கிய ஏரை இறக்கினான்.

இங்கேதான் மனிதன் சறுக்கினான். வயற்காரன் மட்டுமே விடக்கூடிய பிழை அது. எருமை இழுக்கிற இடத்தில், ஏர்க்காலின் நுனியில், கயிற்றை அழகாகக் கட்டினான். கட்டு அருமையான கட்டு. மடுவின் நடுவே போய், கரையில் நின்றவர்களும் பக்கத்துத் தோணிக்காரர்களும் வாய்பிளந்து பார்க்க, ஏரைத் தூக்கி எறிந்தான். ஏர் மிதந்தது.

வயலில் ஏரைத் தூக்கித் தூக்கித் தோள் காய்த்தவனுக்கு அது கனம் என்றுதான் நினைப்பு. மரம் மரம்தானே, தண்ணீருக்கு என்ன தெரியும்? இரும்புக் கொழு இருந்த மூக்கு மட்டும் கீழே தாழ, கைப்பிடியான மேழி மேலே நீட்டிக்கொண்டு, முழுகுகிறவன் கை காட்டுவது போல, கையிலிருந்த கயிற்றையும் உருவிக்கொண்டு காற்றோடு போனது. பத்தினியன் சவள் துடுப்பைப் போட்டு வலித்துக்கொண்டு அதன் பின்னால் போனான்.

“மச்சான், ஏர் போகுது, எருமை எங்க?” என்று ஒருவன் கூவினான்.

“விடு, விடு, எங்கட போடியார் ஆத்தில விதைக்கப் போறார்!” என்று இன்னொருவன்.

அன்று மாலைக்குள் அவனுக்குத் தண்ணிப்போடியார் என்று பெயர் விழுந்துவிட்டது. காத்தான்குடிச் சந்தைவரை அந்தப் பெயர் போனது. சின்னத்தங்கம் தண்ணீர் அள்ளப் போன கிணற்றடியில்கூட, “என்னகா, உங்கட வயல்ல இந்த முற எத்தின அவணம் நெல்லு?” என்று கேட்டார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அறுத்தாப் பிறகு சொல்லுறன், வந்து அள்ளிக்கிட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்துதான் குடத்தைத் தொப்பென்று வைத்தாள்.

புரட்டாதி பிறந்தது. மேற்குக் கரையில் உழவு தொடங்கும் காலம். போடியாரிடமிருந்து ஆள் வந்தது. சாமித்தம்பிக்குக் கை போதவில்லை, எருமை அங்கே உண்டு, ஏரும் ஏர் பிடிக்கிற கையும்தான் வேண்டும், பத்தினியன் தன் ஏரோடு வரட்டும் என்று போடியார் சொல்லியனுப்பியிருந்தார். சாமித்தம்பி காட்டுகிற துண்டில் உழவேண்டும். சாமித்தம்பி சொல்லுகிற நேரம் அவிழ்க்கவேண்டும்.

வந்தவனுக்குச் சோறு போட்டு, “யோசிச்சுச் சொல்லுறன்,” என்று அனுப்பினான். பிறகு முற்றத்தில் கிடந்த ஏரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இப்போது நிலைமை இதுதான்: மாரி வெள்ளம் வடியுமுன் மடுவில் தோணியை நிறுத்தாவிட்டால் தோணி போய்விடும். தோணி போனால் தனக்குக் கீழே நின்றவனின் பின்னால் ஏர் பிடிக்கவேண்டும். அதற்கும் இந்த ஏர்தான் வேண்டும்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறமுன்னம் ஏரைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனான், சின்னத்தங்கத்தையும் கூட்டிக்கொண்டு. ஏரின் அடியில் ஒரு கல்லை வரிந்து கட்டியிருந்தான். இந்த முறை எறியவில்லை. நெஞ்சளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கி நின்று, ஏரை மெதுவாக அடியில் வைத்தான். கயிற்றின் மறுமுனையைக் கரையில் நின்ற மனைவியிடம் கொடுத்தான்.

“இழு புள்ள,” என்றான்.

“நான் என்ன எருமையா?”

“ஒரு கொஞ்ச நேரத்துக்கு.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இழுத்தாள். அவன் தண்ணீருக்குள் பாதத்தால் ஏரைத் தடவித் தடவிப் பார்த்தான். மேழிதான் கெடுத்தது. வயலில் அவன் கை அழுத்துவதற்காக மேலே நீட்டிக்கொண்டிருந்த மேழி, இங்கே அழுத்த ஆளில்லாமல் ஏரை ஒருபக்கம் சாய்த்தது. சாய்ந்த ஏர் சேற்றை நக்கிக்கொண்டு வந்ததே தவிரக் கடிக்கவில்லை. மறுபடி வைத்தான், மறுபடி சாய்ந்தது. மேழி இருக்கும்வரை அது பிடிக்காது. அதை அவன் பாதம் முதல் தரமே சொல்லிவிட்டது. அவன்தான் கேட்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து மரம் அறுக்கும் வாளை எடுத்தான். மேழியில் அவன் உள்ளங்கை பட்ட இடம் வழுவழுவென்று பள்ளம் விழுந்திருந்தது. வாளை அதன் கீழே வைத்துவிட்டு நின்றான். மேழியை அறுத்த ஏரோடு எந்த வயலுக்கும் போகமுடியாது.

“அறுத்தாப் போடியாருக்கு என்ன சொல்லுவீங்க?” என்று சின்னத்தங்கம் கேட்டாள்.

“ஏர் இல்லையெண்டு சொல்லுவன்.”

“மறுகா இதுவும் புடிக்காட்டி?”

அவன் கை வாளை விடவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வந்து ஏர் அசையாமல் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டாள்.

“சாமித்தம்பிக்குப் பின்னால நீங்க நிக்கிறத நான் பாக்க மாட்டன். அறுங்க,” என்றாள்.

அறுத்தான். வாழ்நாளெல்லாம் நூல் பிடித்தாற்போல் சால் ஓட்டியவன் அந்த ஒரு வெட்டைக் கோணலாகத்தான் வெட்டினான்.  சின்னத்தங்கம் மேழித் துண்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். அன்றைய சோறு அதில்தான் வெந்தது.

மேழி போனபிறகும் ஏர் முழுதாகப் படியவில்லை. இப்போது சாய்வது குறைந்தது, ஆனால் உருண்டது. ஒருதரம் கடிக்கும், மறுதரம் புரண்டு மல்லாக்கக் கிடக்கும். நாளுக்கு நாள் இழுத்து இழுத்துச் சின்னத்தங்கத்தின் கை வெடித்துவிட்டது. ஒருநாள் கயிற்றைக் கீழே போட்டாள்.

“ரெண்டு மாடு ரெண்டு பக்கம் நிண்டு இழுத்த ஏர் இது,” என்று எரிந்து விழுந்தாள். “ஒத்த மாட்டக் கட்டினாப் புரளாம என்ன செய்யும்? உங்கட நுகத்தையும் கொண்டந்து என்ட கழுத்தில போடுங்க!”

அவள் கோபத்தில் சொன்னது அது. தண்ணீருக்குள் நின்ற அவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. நுகம்! இரண்டு எருமையின் கழுத்திலும் குறுக்கே கிடந்து ஏரைச் சாயவிடாமல் பிடித்தது நுகம்தானே. தண்ணீரை உதறிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தான். நுகத்தை முழ நீளத்துக்கு வெட்டி, ஏர்க்காலின் நுனியில் குறுக்கே வைத்து இறுக்கிக் கட்டினான். இப்போது ஏரை எப்படிப் போட்டாலும் நுகம் அடியில் தட்டையாகப் படுத்தது, கொழு கீழே பார்த்தது. சின்னத்தங்கம் இழுத்தாள். ஒரு சாண் வந்தது. பிறகு வரவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். வரவில்லை.

“இழு, இழு!” என்று அவன் தண்ணீருக்குள் நின்று குதித்தான்.

“வருகுதில்ல,” என்றாள் அவள். முகம் முழுக்கச் சிரிப்பு. “வருகுதில்ல பாருங்க!”

ஆனந்தத்தில் அவன் ஊருக்கே கேட்க, “ஹோ!” என்று ஏர் மாட்டை நிறுத்துகிற சத்தம் போட்டான். என் பெண்சாதியின் மூளை போடியாரின் முழு வட்டைக்கும் பெறும் என்று அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கயிறும் அவள்தான் திரித்தாள். குட்டைக் கயிறு ஏரை மேலே தூக்கும், நீட்டுக் கயிறுதான் அதைப் படுக்கவைத்து இழுக்கும் என்று அவன் சொன்னபோது, தேங்காய் மட்டை ஊறப்போட்டுத் தட்டித் தும்பெடுத்து, ஐப்பசி முழுக்கத் திரித்து, மடுவின் ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்கும் கூடக் கொடுத்தாள். ஏர் இல்லை என்று போடியாருக்கு ஆள் மூலம் சொல்லியாயிற்று.

கார்த்திகையில் மழை பிடித்தது. மேற்கே உன்னிச்சைப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் ஆற்றில் இறங்கி, கரையோரத்து வீடுகளின் வேலியைத் தொட்டது. பிறகு கடல்வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தார்கள். தேங்கிக் கிடந்த ஆறு மொத்தமும் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது. தண்ணீர் மண் நிறம். மரக்கிளையும் புல்மிதவையும் திரளாக வந்து கரையோரத்துக் கம்புகளை ஒவ்வொன்றாகச் சரித்துக்கொண்டு போயின. பாலத்துத் தூண்களில் தண்ணீர் மோதும் சத்தம் நாவற்குடாவுக்குக் கேட்டது. தோணிகளெல்லாம் கரையேறிவிட்டன. மடுவில் மட்டும் கொடுவா துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது, வெள்ளத்தோடு வரும் இறாலை வேட்டையாடிக்கொண்டு. கரையில் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பத்தினியன் ஏரைத் தோணியில் ஏற்றினான். யோகராசா ஓடி வந்து தோணியைப் பிடித்தான். அவன் குரலில் பகிடி இல்லை.

“போகாத மச்சான். புடிக்காட்டிப் பாலத்துத் தூணில அடிச்சுப்போடும். தோணி போனா மசிர் போச்சு. தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுறது?”

“அவதான் கயிறு திரிச்சவ,” என்றான் பத்தினியன். “அவளுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்ல.”

சின்னத்தங்கம் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 

பத்தினியன் கரையோரமாக மேலே வலித்துப் போய், மடுவுக்கு நேரே வந்ததும் நடு ஓட்டத்தில் தோணியை விட்டான். ஏரை இறக்கினான். கயிறு கைக்குள்ளால் ஓடியது. தோணி பின்பக்கமாக விரைந்தது, கரை ஓடியது, பாலம் நெருங்கி வந்தது. கயிறு முழுதும் போனபிறகு தோணியின் முன்பலகையில் சுற்றி, மிச்சத்தைக் கையில் பிடித்தான். கயிற்றில் ஒரு நடுக்கம் தெரிந்தது. அந்த நடுக்கம் அவனுக்குத் தெரியும். காய்ந்த நிலத்தில் கொழு ஏறாமல் மேலால் வழுக்கும்போது மேழியில் தெரியும் நடுக்கம் அது.  இன்னும் கொஞ்சம் போனான். பாலத்துத் தூணில் நுரை தெரிந்தது. பிறகு நடுக்கம் கனத்தது, தாழ்ந்தது, சட்டென்று நின்றது. உழுதவனுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கொழு இறங்கிவிட்டது.

தோணி ஒருதரம் குலுங்கியது, பிறகு நின்றது. ஆறு அதன் இரண்டு பக்கத்தாலும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அத்தனை ஓட்டத்துக்கு நடுவில் அவன் மட்டும் நின்றான்.  பத்தினியன் நெஞ்சை நிமிர்த்திக் கரையை ஒருதரம் முழுக்கப் பார்த்தான். அப்படிப் பார்ப்பதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. பிறகுதான் தூண்டிலை எடுத்தான்.

அன்று அவன் பிடித்த கொடுவாவைத் தோணி தாங்கியது அதிசயம்தான். கரைக்குத் திரும்பும் நேரம் ஏரைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. வெள்ளம் இழுக்க இழுக்க அது ஆழமாகவே போயிருந்தது. வேறு வழியில்லாமல் கயிற்றின் நுனியில் ஒரு சுரைக்குடுவையைக் கட்டி மிதக்கவிட்டு, ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி வலித்துக் கரையேறினான்.

அடுத்த நாள் யோகராசாவும் இன்னும் சில பேரும் இரண்டு தோணியில் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். உதவி செய்யப் போனதாகத்தான் சொன்னார்கள். எனக்கென்றால், உண்மையில் அது அங்கே கிடக்கிறதா என்று பார்க்கப் போனார்கள் என்றுதான் தோன்றுகிறது. தோணிகள் முன்பக்கம் தாழ்ந்தனவே தவிர ஏர் வரவில்லை. கை சிவந்து திரும்பி வந்தார்கள்.

“பறிக்கேலாது மச்சான்,” என்றான் யோகராசா. “அது அங்கதான் கிடக்கும்.”

“கிடக்கட்டும்,” என்றான் பத்தினியன்.

வெள்ளம் வடிய இன்னும் பல நாள் இருந்தது. நாவற்குடாக் கரையில் ஒருவனுடைய கம்பும் மிஞ்சவில்லை. நட்டாலும் ஓட்டம் நிற்கவிடவில்லை. பத்தினியன் மட்டும் காலையில் மேலே வலித்துப் போய் இறங்கி வருவான், குடுவையை எட்டிப் பிடித்துத் தோணியைக் கட்டுவான், ஆடாமல் அசையாமல் இருந்து மீன் பிடிப்பான். தண்ணிப்போடியார் என்று அப்போதும் சிலர் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரல் மாறியிருந்தது. வேறு தோணிகள் அவன் பக்கத்தால் ஓட்டத்தோடு போகும்போது ஒரு வீச்சுத் தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பாலத்துக்குப் பயந்து கரைக்கு ஒதுங்கின.

அப்படி ஒருநாள் யோகராசாவின் பெரிய தோணி மேலேயிருந்து வந்தது. அவன் ஓட்டத்தோடு போகவில்லை. சவளை எதிர்த்துப் போட்டு, மூச்சு வாங்க, பத்தினியனுக்குக் கொஞ்சம் தள்ளித் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு கயிறு இருந்தது. அதை எறிந்திருந்தால் மச்சான் பிடித்துத்தான் இருப்பான், ஒரே வீட்டுக்காரர்கள்தானே. அவன் எறியவில்லை. கம்பு நட்டவனிடம் கேட்பது போல, கரையில் நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் கேட்டான்.

“மச்சான், உன்ட தோணியில கட்டட்டா?”

உன்ட தோணி என்றான். அந்தச் சொல் பத்தினியனின் காதில் விழுந்தது, நெஞ்சிலும் விழுந்தது. எருமை செத்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த கனம் அந்த நேரம் போயிற்று. பதில் சொல்ல அவன் அவசரப்படவில்லை. யோகராசா இன்னும் நாலு வலி வலித்து வியர்க்கட்டும் என்று தூண்டிலைச் சுருட்டி வைத்தான், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான்.

“கட்டு மச்சான்,” என்றான்.

யோகராசா கயிற்றை நீட்டினான். பத்தினியன் எழுந்து நின்று, கரை முழுக்கப் பார்க்க, அதை வாங்கித் தன் தோணியின் பின்பலகையில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டான்.